எழுபத்திரண்டு ஹெர்ட்ஸ்

கம்ப்யூட்டர் திரை நடுங்குகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க எங்கள் அறையில் ஒரு சோதனை இருந்தது. வாய் நிறையக் காராச்சேவு. அதை நறநறவென்று மென்றுகொண்டே திரையைப் பார்க்க வேண்டும். திரை மெதுவாக வரைந்துகொண்டிருந்தால் எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். வேகமாக வரைந்தால் அப்படியே நிற்கும். இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது தற்செயல். சாத்தூர்ப் பக்கத்துக்காரனான என் அறைத்தோழன் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு பை சேவு கொண்டுவருவான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டிருந்தபோது திரை ஆடியது. மெல்வதை நிறுத்தினேன், ஆட்டமும் நின்றது. மறுபடி மென்றேன், மறுபடி ஆடியது. பை காலியாகிற வரைக்கும் செய்துபார்த்தேன்.

இது இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் நான்கு பேர் இருந்தோம். நான்கு பேரும் தெற்கத்திப் பையன்கள். நான்கு கம்பெனி, நான்கு விதமான ஷிஃப்ட். அதனால் நான்கு பாயையும் ஒன்றாக விரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வந்ததில்லை. மிஞ்சிய இடத்தில் கம்ப்யூட்டரை வைத்தோம். ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய பெட்டி. மானிட்டர் பழசு; முதுகு புடைத்த பதினைந்து அங்குலக் கண்ணாடிக் குழாய். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். இறங்கும்போது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

அந்த மாதிரி மானிட்டருக்குள் ஒரு கதிர் ஓடும். இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை ஒரு கோடு, அதன் கீழே இன்னொரு கோடு, இப்படி வரிவரியாக வரைந்துகொண்டே அடிவரைக்கும் வந்து, மறுபடி மேலே தாவும். ஒரு விநாடியில் அறுபது முறை முழுத் திரையையும் வரைந்து முடித்தால் அது அறுபது ஹெர்ட்ஸ். அறுபதுக்குக் கண் ஏமாந்துவிடும், ஆனால் முழுக்க ஏமாறாது. நேராகப் பார்த்தால் தெரியாத நடுக்கம் கடைக்கண்ணில் தெரியும்.

மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த தாளில், நாங்கள் வைத்திருந்த படத் தெளிவுக்கு அறுபதுதான் எல்லை என்று போட்டிருந்தது. செய்தவன் பயந்து எழுதியது அது என்பது என் கட்சி. எந்த இயந்திரத்திலும் எழுதியிருப்பதற்கு மேலே கொஞ்சம் இருக்கும், எடுத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன். நண்பன் ஒருவன் ஃபிளாப்பியில் கொடுத்த சின்ன மென்பொருள் ஒன்று இருந்தது. அதில் வேண்டிய எண்ணை நாமே அடிக்கலாம். அறுபத்திரண்டு, அறுபத்தைந்து, அறுபத்தெட்டு. ஒவ்வொரு முறையும் மானிட்டருக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், திரை கறுக்கும், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், படம் வரும். சாத்தூர்க்காரன் தலையணையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “ஏலே, வெடிச்சிச்சின்னா உங்க அய்யாகிட்ட நான் என்னத்தச் சொல்ல” என்பான். எழுபத்தைந்தில் மானிட்டர் படுத்துவிட்டது, எல்லை தாண்டிவிட்டாய் என்று ஒரு பெட்டிச் செய்தி மட்டும் கறுப்பில் மிதந்தது. பதினைந்து விநாடியில் பழைய எண்ணுக்குத் தானாகவே திரும்பியது. கொஞ்சம் இறக்கி அடித்தபோது எழுபத்திரண்டில் படம் நின்றது. சேவைப் போட்டு மென்றேன். ஒரு எழுத்துகூட அசையவில்லை.

சாத்தூர்க்காரன் தன் பயோடேட்டாவைத் திறந்து பார்த்துவிட்டு எழுத்தெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கிறதே என்றான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார் என்றேன். அவன் துடைத்தான். அவன் சொன்னதை அன்றைக்கே நான் காதில் வாங்கியிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஓராண்டுப் பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்த இடம், நெடுஞ்சாலையோரத் தொழிற்பேட்டைக்குள் ஒரு நடுத்தரக் கம்பெனி. கார்களில் வேகம் காட்டும் முள் இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் எலெக்ட்ரானிக் பலகையைச் செய்து, சாலைக்கு அந்தப்புறம் இருந்த கார் ஆலைக்கு அனுப்பினோம். எங்கள் லைனின் கடைசி இடம் சோதனை மேசை. பலகையைக் கேமராவுக்குக் கீழே வைத்தால் அதன் ஈயப் பற்றுகள் பெரிதாகத் திரையில் தெரியும். ஒவ்வொரு பற்றின் நடுவிலும் ஒரு கம்பிமுனை. அந்த முனையைச் சுற்றி முடி கனத்தில் வட்டமாக ஒரு விரிசல் சில சமயம் விழும். அதோடு வெளியே போனால், கார் குலுங்கிக் குலுங்கி ஒருநாள் தொடர்பு அறுந்து முள் பூஜ்யத்தில் விழுந்துவிடும். அந்த விரிசலைப் பிடிப்பதுதான் அந்த மேசையின் வேலை. விரிசல் எப்படி இருக்கும் என்று காட்ட மானிட்டருக்கு மேலே லேமினேட் செய்த ஒரு படம் ஒட்டியிருந்தது: ஈயப் பற்று, அதில் முழுசாக ஒரு கறுப்பு வட்டம்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். வல்லம் வடகால் பக்கத்து ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். நான் ‘அவுக’, ‘வந்தாக’ என்று பேசுவதை அப்படியே திருப்பிப் பேசிக்காட்டி லைன் முழுவதையும் சிரிக்க வைப்பார். சரியென்று பார்த்த பலகையில் பதினான்கு என்ற எண் முத்திரையைக் குத்துவார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அவருடையது பதினான்கு.

அவர் கான்ட்ராக்ட். அந்த வட்டாரத்தில் கான்ட்ராக்ட் ஆட்களைப் பதினோராவது மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். வேறு கம்பெனியில் புதிதாகச் சேர வேண்டும், புது ஐடி கார்டு, முதல் நாளிலிருந்து பயிற்சி. அவர் பர்ஸில் பழைய கார்டுகள் இரண்டு இருந்தன. எங்களுடையது மூன்றாவது. “மூணு கார்டுலயும் நான் புதுசுதான் தம்பி. ஒரு இடத்துலகூட நான் பழசாவல” என்று ஒருமுறை சொன்னார். அந்த முறை கம்பெனி ரோலுக்கு, அதாவது நிரந்தர வேலைக்கு, சிலரை எடுக்கப்போவதாகப் பேச்சு கிளம்பி, அவரையும் கூப்பிட்டு, போட்டோ எடுத்து, கண் பரிசோதனையும் செய்திருந்தார்கள். கண் முழுசாகச் சரி என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பட்டியல் மாதக் கடைசியில் வரும்.

கண் சரியாக இருந்தவருக்கு மத்தியானம் இரண்டு மணியானால் தலைவலி வந்துவிடும். சட்டைப் பையில் தைலப்புட்டி. நெற்றியின் இரண்டு ஓரத்திலும் பளபளவென்று தைலம். தலைக்கு மேலே டியூப்லைட் ஒரு தாளத்தில் துடிக்கும், முன்னால் திரை வேறொரு தாளத்தில் துடிக்கும், நடுவே எட்டு மணிநேரம் இவர். டியூப்லைட்டையாவது அணைத்து வைக்கலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். மேசையில் இவ்வளவு வெளிச்சம் இருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, முடியாது என்றுவிட்டார் அவர். ஒருநாள் டிரே எடுத்துக்கொண்டு அந்த மேசையைக் கடந்தபோது என் கடைக்கண்ணில் திரை நடுங்கியது. எங்கள் அறையில் இருந்தது மாதிரியே பழைய பதினைந்து அங்குலம், அறுபது. எனக்கு உள்ளே குறுகுறுவென்றது.

இந்த இடத்தில் எங்கள் லைன் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். ஆள், இயந்திரம், பொருள், முறை என்று நான்கு கட்டம். இந்த நான்கில் எது மாறினாலும் அன்றைக்கே அதில் எழுத வேண்டும். புது ஆள் வந்தால் எழுத வேண்டும், ஸ்குரூ வேறு கடையிலிருந்து வந்தால் எழுத வேண்டும். எழுதினால் சூப்பர்வைசர் கையெழுத்து, அதன்மேல் தரப்பிரிவு ஆள் கையெழுத்து, பிறகு சோதனை ஓட்டம். ‘போர்டுல இல்லாதது லைன்ல இருக்கக் கூடாது’ என்று சூப்பர்வைசர் காலை ஐந்து நிமிடக் கூட்டத்தில் தினமும் சொல்வார். நாங்கள் அதை வாய்க்குள்ளேயே கூடச் சொல்லி முடிப்போம்.

நான் எழுதவில்லை. ஒரு எண்ணை மாற்றுவது இயந்திரத்தை மாற்றுவதா என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். எழுதினால் ஒரு வாரம் இழுப்பார்கள், கடைசியில் வேண்டாம் என்பார்கள் என்றும் தெரியும். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் தெரியாமல் ஒரு காரியத்தைச் சரிசெய்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல நிற்கிற சுகம் எனக்குப் பிடித்திருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் ஃபிளாப்பியைப் போட்டேன். ‘டக்’. எழுபத்திரண்டு. மேசையில் சேவு தின்ன முடியாது, வெறும் பல்லைக் கடித்துக் கடித்துப் பார்த்தேன். நின்றது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு பலகையை வைத்து, திரையைப் பார்த்தார். பிறகு தலையை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் சாய்த்தார்.

“இன்னா தம்பி பண்ண? கம்முனு நிக்குது.”

விளக்கினேன். விளக்கத்தின் பாதியிலேயே அவர் பலகையை மாற்றத் தொடங்கிவிட்டார். சேவுச் சோதனையைச் சொன்னபோது மட்டும் சிரித்து, உங்க ஊரில் படிக்கிற புத்தகத்தையும் தின்றுபார்த்துத்தான் படிப்பீர்களா என்று கேட்டார். இரண்டு மணி வந்தது, தைலப்புட்டி வெளியே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வார முடிவில் பஸ் ஏறும்போது, வீட்டில் போய்த் தலைக்குத் துணி கட்டாமல் சமைக்கிறேன் தம்பி என்றார். நான் அறைக்குப் போய்ச் சாத்தூர்க்காரனிடம் அதை மூன்று தடவை சொன்னேன்.

பத்து நாள் போயிருக்கும். அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“இத்தப் பாரு தம்பி. புருவம் மாதிரி ரெண்டு கோடு கீது.”

பார்த்தேன். கம்பிமுனைக்கு மேலே மெல்லிசாக ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. இடது வலது இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது. மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். அதில் முழு வட்டம். இது வட்டமில்லை. பற்றவைக்கும்போது ஈயத்தின் மேல் படிகிற பசை சில நேரம் வெளிச்சத்தில் மினுங்கும், அதுதான் என்றேன்.

சந்தேகம் வந்தால் பலகையை மஞ்சள் தட்டில் போட வேண்டும் என்பது விதி. ஆனால் மஞ்சள் தட்டு நிறைந்தால் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தது என்ற கேள்வி வரும். பட்டியலுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“நிச்சயமா?”

“நிச்சயமாக்கா.”

முத்திரை விழுந்தது. அதன்பிறகு புருவம் தெரிந்தபோதெல்லாம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நான் சொன்னதையே தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்த வாரம் கார் ஆலையிலிருந்து மூன்று பலகைகள் திரும்பி வந்தன. அவர்களுடைய சோதனைத் தடத்தில் குலுக்கி ஓட்டியபோது முள் விழுந்துவிட்டது. மூன்றிலும் பதினான்கு. லைனுக்குள் அந்தச் செய்தி வந்த வேகத்தில் எனக்கு இரண்டு கோடுகளும் நினைவுக்கு வந்தன.

டீ இடைவேளையில் மேசைக்குப் போனேன். திரும்பி வந்த பலகை ஒன்றை வைத்தேன். புருவம். எண்ணை அறுபதாக்கினேன். ‘டக்’. திரை கறுத்து, வெளுத்தது. முழு வட்டம், மேலே ஒட்டியிருந்த படத்தில் இருந்தது போலவே.

அப்போதுதான் புரிந்தது. கதிர் இடமிருந்து வலமாக ஓடுகிறது. தாங்கும் அளவுக்கு மேல் அதை விரட்டினால், ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று கறுத்துச் சட்டென்று வெளுக்க அதற்கு நேரம் போதாது. குத்தாக நிற்கும் மெல்லிய கோடு கரைந்துபோகும். படுக்கையாகக் கிடக்கும் கோடு ஓட்டத்தோடு போவதால் தப்பிவிடும். வட்டத்தின் இடதும் வலதும் அழிந்து, மேலும் கீழும் மிஞ்சியது அதனால்தான். சாத்தூர்க்காரன் பஞ்சு என்று சொன்னது இதைத்தான். நடுக்கத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அவருடைய கண்ணிலிருந்து பாதி வட்டத்தை நான் எடுத்திருந்தேன்.

அறுபதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இனிமேல் வரும் விரிசல்களாவது பிடிபடட்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. அதோடு எழுபத்திரண்டு என்ற ஒன்று அங்கே இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போயிற்று என்பதும் பொய்யில்லை.

அவர் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

“தம்பி. மறுபடி ஆடுது.”

நான் டிரேயை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“நீ எதனா மாத்துனியா?”

“இல்லையேக்கா” என்றேன்.

அவர் பையிலிருந்து தைலத்தை எடுத்தார். அந்தப் புட்டியின் மூடி திருகும் சத்தம் எனக்கு இன்னும் பிடிக்காது.

மறுநாள் காலை மீட்டிங் அறையில் ‘ஏன் ஏன்’ தாள். எங்கள் பக்கம் எல்லாக் கம்பெனிகளிலும் இது உண்டு. ஒரு தவறு நடந்தால் ஏன் என்று கேட்டுப் பதிலை எழுத வேண்டும், அந்தப் பதிலுக்கு ஏன், அதற்கு ஏன் என்று ஐந்து படி கீழே இறங்க வேண்டும். கடைசியில் என்ன நடவடிக்கை என்று ஒரு கட்டம். சூப்பர்வைசரும் தரப்பிரிவு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதுவதற்கு என்னை உட்கார வைத்தார்கள். அக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள்.

அதிகாரி எப்படிம்மா விட்டாய் என்று கேட்டார். பயிற்சியாளன்தான் பசை மினுக்கம் என்றான் என்று அக்கா சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்தேன். சொன்னால் நல்லது என்றுகூட நினைத்தேன். என் வாயைத் திறக்கிற வேலை மிச்சமாகும்.

“கண்ல படல சார்” என்றார்.

எழுதினேன். விரிசல் ஏன் வெளியே போனது? சோதனையில் தேறியது. ஏன் தேறியது? சோதனை செய்பவர் பார்க்கவில்லை. மூன்றாவது ஏன். அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார். “கவனக்குறைவுன்னு எழுதுப்பா. அஞ்சு வரைக்கும் போவேணாம். ஆக்ஷன்ல ஆள் மாற்றம்னு போடு.”

பேனா முனையைத் தாளில் ஊன்றியபடி இருந்தேன். எதிரே அக்கா கைகளைக் கட்டி நின்றிருந்தார். நெற்றி ஓரத்தில் காலையிலேயே தைலம். அவர் பர்ஸில் நான்காவது கார்டு ஒன்று சேரப்போகிறது, அதிலும் அவர் புதுசு. அந்த வார்த்தையை என் கையெழுத்தில், அழகாக, நானே எழுதப்போகிறேன்.

மூன்றாவது ஏன் என்பதற்கு எதிரே, ‘திரையில் முழு வட்டம் தெரியவில்லை’ என்று எழுதினேன். ஏன்? மானிட்டர் அறுபது ஹெர்ட்ஸிலிருந்து எழுபத்திரண்டுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஏன்? மாற்றியவர் போர்டில் எழுதவில்லை. மாற்றியவர், பயிற்சியாளர். என் டோக்கன் எண்ணையும் போட்டேன்.

சூப்பர்வைசர் தாளைத் தன் பக்கம் இழுத்து விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“இன்னா இது?”

சொன்னேன். நேற்று பழையபடி மாற்றிவைத்ததையும் சொன்னேன். அதிகாரி நம்பவில்லை, திரையின் வேகத்துக்கும் விரிசலுக்கும் என்ன சம்பந்தம் என்றார். எல்லோரும் மேசைக்கு நடந்தோம். திரும்பி வந்த பலகையைக் கேமராவுக்குக் கீழே வைத்து, லைனில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்க்க, என் தப்பை நானே நிரூபித்துக் காட்டினேன். அறுபது, வட்டம். எழுபத்திரண்டு, புருவம். ஒருவேளை எழுபத்திரண்டிலும் இப்போது முழு வட்டமே தெரிந்துவிடுமோ என்று அந்த ஒரு கணம் பயந்தேன்; தெரிந்தால் அக்காமேல் தப்பில்லை என்று காட்ட வழியே இல்லை. நல்லவேளை, மானிட்டர் கைவிடவில்லை.

சூப்பர்வைசர் அக்கா பக்கம் திரும்பி, இந்த மாதிரி ரெண்டு கோட்டைப் பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றார். யாரிடம் கேட்டாய்? அவர் பலகையைக் கேமராவுக்குக் கீழிருந்து எடுத்தார்.

“என்கிட்ட கேட்டாங்க சார்” என்றேன். “நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.”

சூப்பர்வைசர் திட்டவில்லை. லைன் போர்டுக்கு நடந்துபோய், இயந்திரம் என்ற கட்டத்துக்கு முன்னால் நின்று, மார்க்கரை என்னிடம் நீட்டினார். எழுது என்றார். தேதி? மாற்றிய அன்றைய தேதி. அதற்குக் கீழே திருப்பி மாற்றிய தேதி. நான் எழுதும் வரை மொத்த லைனும் நின்றிருந்தது.

இடைப்பட்ட நாட்களில் போன பலகைகள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. கேமரா, கம்ப்யூட்டர், மானிட்டர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, சாலையைத் தாண்டி, கார் ஆலையின் கிடங்கில் ஒரு மூலையில் மேசை போட்டோம். மூன்று நாள். நான் பெட்டியைப் பிரித்துப் பலகையை எடுத்துக் கொடுப்பேன், அவர் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். அறுபதில். அங்கே தகரக் கூரையில் டியூப்லைட் இன்னும் அதிகம். முதல் நாள் முழுக்க ‘அடுத்தது’ என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவர் பேசவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் தைலம் தீர்ந்துவிட்டது. நான் வெளியே ஓடிப்போய் வாங்கிவந்து மேசையில் வைத்தேன். அதை எடுக்காமலே வேலை பார்த்தார். நான்கு மணிக்கு எடுத்தார்.

மூன்றாம் நாள், கடைசிப் பெட்டிக்கு முன்னால், என்னை ஏன் அன்றைக்கே காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“உன்ன சொன்னா என் முத்திரை அழிஞ்சிடுமா? குத்துனது நானு.” பலகையைத் திருப்பி வைத்தார். “நீ மாத்துனதுகூட எனக்கு வருத்தமில்ல தம்பி. தலவலி போச்சே. நான் மாத்துனியான்னு கேட்டன் பாரு, அப்ப சொல்லியிருக்கணும்.”

அடுத்தது, என்றார்.

இன்னும் சில பலகைகள் அகப்பட்டன. வெளியே சாலைக்கு எதுவும் போயிருக்கவில்லை. கார்கள் எல்லாம் ஆலைக்குள்ளேயே நின்றிருந்தன. அது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். எனக்குப் பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டி, லைனிலிருந்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. கார் ஆலை இந்தக் கேஸை மூடி எழுதித் தருகிற வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று சொன்னார்களாம். அவரை நிறுத்தவுமில்லை. பதினோராவது மாதம் தாண்டியும் அதே கார்டு. ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து கையுறை கேட்டபோது, “நாலாவது கார்டு வரல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

‘ஏன் ஏன்’ தாளில் ஆள் மாற்றம் என்று போட முடியாமல் போனதால், நடவடிக்கைக் கட்டத்தில் வேறு எதையாவது எழுத வேண்டி வந்தது. சூப்பர்வைசர் தன் கையால் எழுதினார்: மானிட்டர் மாற்றம். அது ஆறு கையெழுத்து வாங்கி, மூன்று மாதம் கழித்து வந்தது. பதினேழு அங்குலம். முதுகுத் தாளில், எங்களுக்கு வேண்டிய தெளிவுக்கு எண்பத்தைந்து ஹெர்ட்ஸ் என்று அச்சிலேயே போட்டிருந்தது. யாரையும் ஏமாற்றாமல் கிடைக்கிற எண்பத்தைந்து.

அதைப் பூட்ட என்னை ஸ்டோரிலிருந்து கூப்பிட்டார்கள். நான் மௌஸைத் தொடுவதற்குள் அக்கா கையை நீட்டித் தடுத்தார். இழுப்பறையிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். திரும்பி வந்த மூன்றில் ஒன்று, மாதிரிக்காக வைத்திருந்தது. ஓரத்தில் சிவப்புப் பெயின்ட். அதைக் கேமராவுக்குக் கீழே வைத்தார்.

“முதல்ல இது. அப்புறம் உன் நம்பரு.”

அறுபதில் வட்டம். எண்பத்தைந்தில் வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தோம். இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் கறுப்பு. முழுசு. அவர் நாற்காலியில் சாய்ந்து, வாயில் ஒன்றுமில்லாமலே தாடையை நறநறவென்று அசைத்தபடி திரையைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்த சோதனை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டேன்.

“ஆடல” என்றார். “போயி எழுது.”

போர்டில் எழுதினேன். எனக்குக் கீழே சூப்பர்வைசர் கையெழுத்து. பார்த்தவர் என்று புதிதாக ஒரு கோடு இழுத்து அக்கா தன் எண்ணைப் போட்டார், பதினான்கு. அப்படி ஒரு கட்டம் அந்தப் போர்டில் கிடையாது. சூப்பர்வைசர் அதை அழிக்கவில்லை.

அடுத்த பட்டியலில் அவர் பெயர் வந்தது. எனக்கு அதைச் சொன்னது அவரில்லை, பஸ்ஸில் வேறு யாரோ. அதற்கடுத்த மாதம் என் பயிற்சி முடிந்து நான் ஒரகடம் பக்கம் வேறு வேலைக்குப் போனேன். கணக்கு முடிக்கும் தாளில் கையெழுத்து வாங்க லைனுக்குள் கடைசியாக நடந்தபோது சோதனை மேசையைத் தாண்டினேன். அவர் வேலையில் இருந்தார், திரும்பவில்லை. மானிட்டருக்கு மேலே பழைய படம் இருந்தது, முழு வட்டம். அதன் பக்கத்தில் இன்னொரு படம் லேமினேட் செய்து ஒட்டியிருந்தது. அன்று நான் எல்லோருக்கும் எழுபத்திரண்டில் காட்டியபோது யாரோ எடுத்தது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. அடியில் மார்க்கரில், நீட்டி நீட்டி எழுதிய அவருடைய கையெழுத்து: ‘புருவம் தெரிந்தாலும் மஞ்சள் தட்டு. யாரையும் கேட்க வேண்டாம்.’